இருபதாவது பர்லாங்

பரமக்குடிக்குத் தெற்கே மிளகாய் விளைகிற பூமியில் பூவரசேந்தல் என்று ஓர் ஊரும் மணக்குறிச்சி என்று ஓர் ஊரும் உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டுக்கும் நடுவில் சுளையாக இருபது பர்லாங், நாலு கிலோமீட்டர் தூரம் கிடந்தது; இன்றைக்கு ஒரே ஒரு பர்லாங்தான் பாக்கி; மற்ற பத்தொன்பதையும் பூவரசேந்தல் வடம் இழுக்கும் குழுவின் கடைசி ஆளான சோணைமுத்து, வருஷத்துக்கு ஒன்றாக, காணும் பொங்கலுக்குக் காணும் பொங்கல், வடத்தைப் பிடித்து இழுத்தே குறைத்துவிட்டார். ஊர் எப்படி ஐயா நகரும் என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவதுதான் இங்கே வழக்கம். உள்ளூரில் யாரும் அதைக் கேட்பதில்லை. இந்த வருஷம் எத்தனை மணிக்கு இழுப்பார்கள், அதற்குள் துணியைக் காயப்போட்டு எடுத்துவிடலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

சோணைமுத்து மிளகாய் மண்டியில் லோடுமேன். ஆள் நூற்றுப் பத்துக் கிலோ; கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தலை நேராகத் தோளிலேயே உட்கார்ந்திருக்கும். வடக்குழு என்றால் எட்டுப் பேர். முன்னால் நிற்கிறவன் ஆடலாம், கத்தலாம், எதிராளியைப் பார்த்து மீசையை முறுக்கலாம். பேப்பரில் படம் வந்தால் அவன் பல்தான் தெரியும். கடைசி ஆளுக்கு அந்தக் கொடுப்பினை எல்லாம் இல்லை. வடத்தை அக்குளுக்குள் கொடுத்து, முதுகில் குறுக்கே போட்டு, மறு தோளில் வாங்கி, குதிகாலால் தரையில் குழி பறித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றுவிட வேண்டும். அசையக் கூடாது. முன்னால் ஏழு பேரும் வழுக்கினாலும் வாந்தி எடுத்தாலும் அவன் அசையக் கூடாது. இப்படி அசையாமல் நின்றே சோணைமுத்துவுக்கு வலது காது வடம் உரசி உரசி வடைபோலத் தடித்துவிட்டது, விலா எலும்பு இரண்டு முறை முறிந்து கூடியது, பத்துக் கால் விரலில் நான்குக்கு நகம் இல்லை. மாடு கட்ட அடிக்கிற முளைக்குச்சியை நினைத்து ஊர் அவருக்கு 'முளை' என்று பட்டம் வைத்தது.

இத்தனை பாடும் எதற்காக என்றால், ஒரு காதுகுத்துக்காக.

சோணைமுத்துவுக்கு ஒரே தங்கை, பஞ்சவர்ணம். மணக்குறிச்சி வில்லாயுதத்துக்குக் கட்டிக் கொடுத்து, அவளுக்கு ஒரு பெண் பிறந்து, பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதில் மாற்றுப் பேச்சுக்கே இடமில்லை. இருபத்து நான்கு வயதுச் சோணைமுத்து தட்டுத் தட்டாகச் சீரும், மேளமும், மாலை போட்ட கிடாயுமாகக் கிளம்பினார். ஊர் எல்லைக்கு வந்ததும் கிடாய் வேட்டுச் சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு மிளகாய்க் காட்டுக்குள் ஓடிவிட்டது. சீர்க் கிடாய் இல்லாமல் தாய்மாமன் உள்ளே நுழைவதா? அவர் அதை விரட்டிப் பிடித்து, மாலையைச் சரி செய்து, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர எட்டு நிமிஷம் பிந்திவிட்டது. அதற்குள் எமகண்டம் பிறக்கப் போகிறது என்று யாரோ அவசரப்படுத்த, பிள்ளையை யாரோ ஒரு பெரியவர் மடியில் உட்கார வைத்து இரண்டு காதையும் குத்தி முடித்திருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. சோணைமுத்து கிடாயோடு பந்தலில் நின்றார்.

"இனிமே இந்த ஊர் மண்ணை மிதிச்சேன்னா என்னை என்னன்னு கேளு" என்றார்.

எட்டு நிமிஷமாக வாசலையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்த பஞ்சவர்ணத்துக்கும் கோபம் வந்துவிட்டது. "வராத! நானும் உன் ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன்!" என்று அவளும் கத்தினாள்.

சொன்ன சொல்லை மீறுகிற வம்சம் இல்லை இரண்டும். அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த பொட்டலில் வழக்கம்போல வடம் இழுத்தார்கள். லத்தீப் பாய், டீக்கடைக்காரர், பூவரசேந்தல் அணிக்குக் குரல் கொடுக்கிறவர், "பிடி! சாய்! போடு!" என்று கத்த, கடைசி ஆளாக முதல் முறை நின்ற சோணைமுத்து, தங்கை இருக்கிற திசையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, மனசுக்குள் ஒன்றே ஒன்றை நினைத்துக்கொண்டு சாய்ந்தார்: நான் வரமாட்டேன், நீ வா. வடம் எட்டு முழம் வந்தது. கொடி கோட்டைத் தாண்டியது. விசில் ஊதிவிட்டுத் திரும்பிப் பார்த்த பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியார்தான் முதலில் கவனித்தார், மணக்குறிச்சிக் கோயில் கோபுரம் ஒரு பர்லாங் கிட்ட வந்து நின்றுகொண்டிருந்தது.

அன்று மணக்குறிச்சியில் வீடு வீடாக எண்ணிப் பார்த்தார்கள். எல்லா வீடும் இருந்தது, கிணறு தண்ணீரோடு இருந்தது, காணாமல் போன ஒரு கோழியும் பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தது. அப்புறம் என்ன, சாப்பிடப் போய்விட்டார்கள்.

முதலில் மணக்குறிச்சி இளவட்டங்களுக்குத்தான் ஆத்திரம். நம்ம ஊரை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போகிறான் ஒருத்தன் என்று கொதித்தார்கள். ஆனால் இரண்டாவது பர்லாங்கும் மூன்றாவது பர்லாங்கும் வந்து, பூவரசேந்தல் ஹைஸ்கூலுக்கு நடந்து போகிற பெண்பிள்ளைகள் பத்து நிமிஷம் பிந்திக் கிளம்பினாலும் மணி அடிப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்த பிறகு, தாய்மார்கள் அந்தக் கொதிப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். அதற்காக யாரும் விட்டுக்கொடுத்து இழுக்கவில்லை. வேண்டுமென்றே தோற்பது மானக்கேடு. ஆகவே ஒவ்வொரு வருஷமும் மணக்குறிச்சி தன்னுடைய எட்டுப் பேரையும் கேப்பைக்களியும் கறியும் போட்டு வளர்த்து, உயிரைக் கொடுத்து இழுத்து, உயிர் போகிற மாதிரி தோற்று, ஒரு பர்லாங் கிட்ட வந்து உட்கார்ந்தது. அந்த எட்டில் கடைசி ஆள், சோணைமுத்துவின் மச்சினர் வில்லாயுதமேதான்.

நடுவில் கிடந்த நிலம் எங்கே போனது என்று கேட்டால் எங்கேயும் போகவில்லை, நெருக்கி உட்கார்ந்தது, அவ்வளவுதான். பஸ்ஸில் ஆள் ஏற ஏற நெருக்கி உட்காருகிறோமே, அப்படி. பனைமரங்கள் தோளோடு தோள் இடித்து நின்றன. பனையேறுகிறவர் இறங்காமலே அடுத்த மரத்துக்குப் போனார். மின்சாரக் கம்பி ஒவ்வொரு பொங்கலுக்கும் தொய்ந்துவிடும், லைன்மேன் வந்து மிச்சத்தை வெட்டி எடுப்பார், இரண்டு ஊரிலும் துணி காயப்போடுகிற கொடி பூராவும் அந்தக் கம்பிதான். ஏழாவது வருஷத்தில் பூவரசேந்தலில் பஸ் ஏறியவருக்குக் கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிப்பதற்குள் மணக்குறிச்சி வந்துவிட்டது. சர்வேயர் ஒருவர் சங்கிலியோடு வந்தார், அளந்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி அளந்தார், வெயிலில் சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்லிப் பழைய கணக்கையே எழுதிக்கொண்டு, லத்தீப் பாய் கடையில் இரண்டு வடை தின்றுவிட்டுப் போனார். இரண்டு கோயிலின் குழாய் ரேடியோவும் ஒன்றோடு ஒன்று மோத ஆரம்பித்ததும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, காலையில் அவர்கள், சாயங்காலம் இவர்கள் என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

பஞ்சவர்ணம் ஒரு நாளும் போட்டி பார்க்க வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் மறுநாள் டீக்கடைக்குச் செய்தி வந்துவிடும், நேருக்கு நேர்தான் பேச்சு இல்லையே. "பாய், எங்கண்ணன்ட்ட சொல்லுங்க, இந்த வருசம் ரெண்டு மண்பானை போச்சுன்னு." "பாய், இழுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்க, கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தொட்டில் போட்டிருந்தா, தொட்டில் தானா ஆடுதுன்னு பயந்துட்டா." லத்தீப் பாய் வார்த்தை பிசகாமல் சொல்லுவார். சோணைமுத்து டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அடுத்த வருஷம் இழுப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால், மணக்குறிச்சிப் பெண்கள் பானைகளை இறக்கி வைத்துக்கொள்ளட்டும் என்று மைக்கில் அறிவிப்பு வந்தது.

நடுவில் பெரிய இடங்களிலிருந்தெல்லாம் அவருக்கு ஆள் வந்தது. போலீஸ் அணி கூப்பிட்டது. ஒரு நூற்பாலை அணி, வேலையும் தருகிறோம், வீடும் தருகிறோம் என்றது. நாலைந்து தடவை போய் நின்றும் பார்த்தார். திருச்சியில் நின்றார், சேலத்தில் நின்றார், நின்ற இடமெல்லாம் ஜெயித்தார், ஆனால் எந்த ஊரிலும் வடம் மட்டும்தான் வந்தது. சேலத்துக்காரர்கள் ஊர் வரும் என்று கேள்விப்பட்டுக் கேமராவோடு காத்திருந்து ஏமாந்து போனார்கள். "அது அப்பிடி எல்லா ஊரும் வராதுங்க" என்று அவர்களுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, ஜெயித்த கப்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். கொரோனா வருஷத்தில் போட்டி இல்லை, விலா முறிந்த ஒரு வருஷம் அவர் இல்லை. அந்த இரண்டு பொங்கலும் தூரம் அப்படியே கிடந்தது, சோணைமுத்துவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

காது குத்தும்போது அழுத அந்தப் பிள்ளை, சுகப்பிரியா, வளர்ந்து நர்ஸ் படித்து முடித்துவிட்டாள். அவளுக்குச் சபதம் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் சைக்கிளில் மாமன் வீட்டுக்கு வருவாள், பிறகு நடந்தே வந்தாள், இப்போது அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு வந்து உப்புப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போகிறாள். சோணைமுத்துவின் மனைவி இருளாயியும் அங்கே தாராளமாகப் போய் வருவாள். "சபதம் போட்டது நீங்க, எனக்கென்ன" என்பாள். போகக் கூடாதவர்கள் இரண்டே பேர்தான், அந்த இரண்டு பேரும் ஒரு பர்லாங் இடைவெளியில், ஒருவர் இருமுவது மற்றவருக்குக் கேட்கிற மாதிரி இருந்தார்கள்.

சுகப்பிரியாவுக்குத் தை பத்தாம் தேதி கல்யாணம் குறித்தாயிற்று. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போகாமல் அந்தப் பக்கம் கல்யாணம் கிடையாது. காதுகுத்தைத்தான் எட்டு நிமிஷத்தில் கோட்டை விட்டோம், இதையும் விட்டால் நான் என்ன மாமன் என்று சோணைமுத்துவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் கணக்கு எளிது. காணும் பொங்கல் தை மூன்று. அன்றைக்குக் கடைசி பர்லாங்கை இழுத்துவிட்டால் பூவரசேந்தல் மண்ணின் விளிம்பு, மணக்குறிச்சியின் முதல் வீட்டுக்காரியான பஞ்சவர்ணத்தின் வாசல் கோலத்தைத் தொட்டு நிற்கும். தன் மண்ணில் நின்றபடி கையை நீட்டி மாலையைக் கொடுக்கலாம், தன் மண்ணில் நின்றபடி பிள்ளையின் கையைப் பிடிக்கலாம், இரண்டு பேர் சபதமும் நிற்கும், கல்யாணமும் நடக்கும்.

பரமக்குடியில் மண்டபம் பிடித்துக் கல்யாணத்தை நடத்திவிட்டால் இந்த வம்பே இல்லையே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கத்தான் கேட்டார்கள். "எம்மக கல்யாணத்துக்கு எவன் மண்டபத்துலயோ போயி நிக்கணுமா? எங்க வாசல்லதான் முகூர்த்தக்கால்" என்றாள் பஞ்சவர்ணம். இந்தப் பக்கம் சோணைமுத்துவும், "மண்டபத்துல ஓரமா நின்னுட்டு வரவா இத்தன வருசம் இழுத்தேன்?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் அந்த வாசலையே போட்டுப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள்.

சங்கடம் என்னவென்றால், அவருக்கு நாற்பத்தாறு வயது. வலது முட்டி மார்கழியிலிருந்தே மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இந்தக் காலை வெச்சுக்கிட்டு மூட்டையே தூக்கக் கூடாது, நீங்க என்னமோ ஊரையே இழுக்கப் போறேங்கிறீங்க" என்றார். அவர் மதுரைப் பக்கத்து ஆள், அவருக்குத் தெரியாது. இருளாயி தினமும் விளக்கெண்ணெய் காய்ச்சி ஊற்றி நீவிவிட்டாள், நீவிக்கொண்டே திட்டினாள். லத்தீப் பாய் ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சோணை, வேற ஆளை நிறுத்துவோமா?"

"நிறுத்துங்க பாய். ஊரு வருமா?"

லத்தீப் பாய் யோசித்துப் பார்த்தார். "வடம் வரும்" என்றார்.

"அப்ப நான்தான்."

தை மூன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் பொட்டலில் எள் விழ இடமில்லை. எள் என்ன, ஆளே விழ இடமில்லை. பொட்டலே ஒரு பர்லாங்தானே. கரும்பு வண்டி, பஞ்சுமிட்டாய், ராட்டினம், நாலு ஊர் மேளம், அடுத்த வருஷம் இழுக்க இடமே இருக்காதே என்று பதறிக்கொண்டு வந்த சுற்றுப்பட்டு ஜனம். மைக்கில், "மணக்குறிச்சித் தாய்மார்களுக்கு அன்பான வேண்டுகோள், பானை சட்டிகளை இறக்கி வைக்கவும், அடுப்பை அமர்த்தவும், தொட்டிலில் பிள்ளை இருந்தால் தூக்கிக்கொள்ளவும்" என்று மூன்று தடவை சொன்னார்கள். பஞ்சவர்ணம் வீட்டு வாசலில் கல்யாணப் பந்தலுக்குக் கால் ஊன்றியிருந்தது. சோணைமுத்து நின்ற இடத்திலிருந்து பந்தலின் வாழைமரம்கூடத் தெரிந்தது, அவர் முதல் முறையாகத் தங்கை வீட்டுத் திசையைக் கண்ணால் பார்த்துவிட்டு வடத்துக்குள் நுழைந்தார்.

அக்குளில் கொடுத்தார். முதுகில் போட்டார். தோளில் வாங்கினார். இடது குதிகாலால் ஆழமாகவும் வலது குதிகாலால் அரைகுறையாகவும் குழி பறித்தார். எதிர்ப்பக்கம் கடைசியில் நின்ற வில்லாயுதம், அவரும் நரைத்துப் போய், மூச்சு வாங்க, "மச்சான், பார்த்து" என்று கத்தினார். "நீ பாரு மாப்ள" என்றார் இவர். பி.டி. வாத்தியார் விசில் ஊதினார்.

"பிடி! சாய்! போடு!"

ஒரு முழம் வந்தது. மணக்குறிச்சித் தண்ணித்தொட்டி ஆடியது, கோயில் மணி தானாக அடித்தது, தெருநாய்கள் எல்லாம் ஒரே திசையில் சரிந்து நின்று குரைத்தன. "போடு!" இரண்டு முழம் வந்தது. வேப்பமரங்கள் இலை சலசலக்க வந்தன, வாசல் கோலங்கள் ஒரு புள்ளி அழியாமல் வந்தன, மொட்டை மாடியில் நின்று பார்த்த பிள்ளைகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊஊ என்று கூவிக்கொண்டே வந்தார்கள். மூன்று முழம். நான்கு முழம். ஜனம் ஆடுகிறது, மேளம் பிளக்கிறது, சோணைமுத்துவுக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, பந்தல் கால், வாழைமரம், வாசல் எல்லாம் அவரைப் பார்த்து வருகின்றன, இதோ, இன்னும் அரைப் பர்லாங், இன்னும் நாலே முழம். அப்போதுதான் வலது முட்டி 'டொக்' என்றது.

ஊர் நின்றுவிட்டது.

அவர் விழவில்லை. விழுந்தால் முளை இல்லையே. இடது காலை மட்டும் நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து நின்றார். நிற்க முடிந்தது, இழுக்கத்தான் முடியவில்லை. லத்தீப் பாய் "போடு!" என்றார், ஒன்றும் வரவில்லை. "போடு!" என்றார், குரல் உடைந்தது. அந்தப் பக்கமும் இதே கதைதான். வில்லாயுதத்துக்கு மூச்சு முட்டி, முகம் கறுத்து, வடத்தை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். கடைசி ஆள் இல்லாத மணக்குறிச்சியின் ஏழு பேரும் வழுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வழுக்கினால் பூவரசேந்தல் ஜெயித்தது என்று அர்த்தம், மிச்ச நாலு முழமும் சும்மாவே வந்துவிடும்.

பந்தல் கால் இரண்டு சாய்ந்துவிட்டதே என்று ஆத்திரத்தோடு வாசலுக்கு வந்த பஞ்சவர்ணம், புருஷன் மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். புருஷனுக்கு உயிர் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, வடத்தின் நுனியை எடுத்து அக்குளில் கொடுத்து, முதுகில் போட்டு, தோளில் வாங்கினாள்.

"பொம்பளையாளு சேரக் கூடாதும்மா" என்று பி.டி. வாத்தியார் ஓடி வந்தார்.

"ஆளு எட்டுத்தானே சார் கணக்கு? அவரைக் கழிச்சுட்டு என்னை எண்ணுங்க" என்றாள். வாத்தியார் எண்ணிப் பார்த்தார். எட்டுத்தான் வந்தது.

சோணைமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. வடத்தின் வழியாகத்தான் தெரிந்தது. வில்லாயுதத்தின் இழுப்பு நிதானமானது, இருபது வருஷமாக அவருக்கு அத்துப்படி. இது வேறு மாதிரி, வெடுக்கென்று ஒன்று, வெடுக்கென்று இன்னொன்று, அப்புறம் விடாப்பிடியாக ஒரு நீண்ட இழுப்பு, சாப்பிடக் கூப்பிட்டு வராதவன் சட்டையைப் பிடித்து இழுக்கிற இழுப்பு.  கடைசி ஆள் செய்யவே கூடாத காரியத்தை, தலையை நிமிர்த்தி முன்னால் பார்க்கிற காரியத்தைச் செய்தார். பதினான்கு ஆளுக்கு அந்தப் பக்கம், வடத்தின் மறுமுனையில், நரைத்த தலையோடு அவர் தங்கை சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே!" என்று கத்தினாள். "வாண்ணே!"

மேளம் நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

இடது கால் இன்னும் குழிக்குள் உறுதியாக இருந்தது. ஒரு நாள் பூராவும் அவரால் அப்படியே நின்றிருக்க முடியும். பஞ்சவர்ணத்தின் கை சலித்து, ஊர் தானாக வந்து சேர்ந்திருக்கும். இருபதாவது பர்லாங்கும் அவருடையதாக இருந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், லத்தீப் பாய்க்கும் தெரியும். "நில்லு சோணை! நின்னாப் போதும்!" என்று பாய் தொண்டை கிழியக் கத்தினார்.

சோணைமுத்து குதிகாலைக் குழியிலிருந்து எடுத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததை யார் சொன்னாலும் சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை. முன்னால் நின்ற ஏழு பேரும் சீட்டுக்கட்டாக விழுந்து உருண்டார்கள், வடத்தை விட்டுவிட்டார்கள். வடத்தை உடம்பில் சுற்றியிருந்த சோணைமுத்து மட்டும் பொத்தென்று உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே, நூற்றுப் பத்துக் கிலோவும் புழுதி கிளப்பிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனார். விசிலை யாரும் கேட்கவில்லை. மணக்குறிச்சிப் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு ஓடிவந்து ஆளுக்கு ஒரு கை பிடித்தார்கள், அவர் கரும்பு வண்டியைத் தாண்டினார், ராட்டினத்தைத் தாண்டினார், எல்லைக் கல்லைத் தாண்டினார், காயப்போட்ட மிளகாய்க்குள் புகுந்து தும்மிக்கொண்டே வெளியே வந்தார், தெருவுக்குள் போனார், "மாமா! மாமா!" என்று பக்கத்திலேயே சுகப்பிரியா ஓடி வந்தாள், கடைசியில் பந்தல் வாழைமரத்தில் இடித்து, தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். நின்றார் என்ன, உட்கார்ந்திருந்தார்.

பூவரசேந்தல் முழுக்கப் பின்னால் ஓடி வந்து சேர்ந்தது. தோற்றுவிட்டோம் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. லத்தீப் பாய் சட்டென்று கையைத் தூக்கினார். "எல்லாரும் பார்த்துக்கங்க! கால் படலை! உட்கார்ந்துக்கிட்டேதான் வந்திருக்காரு! மண்ணை மிதிக்கலை, சபதம் நிக்குது! அப்பிடியே நாற்காலில தூக்கி வெச்சு, பத்தாம் தேதிக் கல்யாணத்தையும் இப்பிடியே முடிச்சிருவோம்!"

நல்ல யோசனை என்று இரண்டு ஊருமே தலையாட்டியது. ஒருவர் நாற்காலி எடுக்கவே ஓடிவிட்டார்.

சோணைமுத்து வடத்தை உடம்பிலிருந்து கழற்றி ஓரமாக வைத்தார். வாழைமரத்தைப் பிடித்தார். இடது காலை ஊன்றினார், எழுந்தார், எழுந்து, மடங்காத வலது காலையும் இழுத்து வைத்து, இரண்டு பாதத்தையும் மணக்குறிச்சி மண்ணில் நன்றாகப் பதித்து நின்றார். ஒரு தடவை மிதித்தது போதாது என்று இன்னொரு தடவையும் மிதித்தார்.

"மிதிச்சுட்டேன் பாய்" என்றார். "போய்க் கடையைத் திறங்க."

பஞ்சவர்ணம் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே நின்றாள். தோளில் வடம் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

"ஏண்ணே விட்ட? நின்னிருந்தா ஜெயிச்சிருப்பியே."

"நீதானே வான்னு கூப்பிட்ட."

"கூப்பிட்டா வந்துருவியா?"

"வந்துட்டேன்ல."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அப்ப இம்புட்டு வருசமா..."

"நீ கூப்பிடவே இல்லையே தாயி."

"கூப்பிட்டா வருவேன்னு நீ சொல்லவே இல்லையே!"

 பத்தொன்பது பர்லாங்கும் அவர்கள் பக்கத்திலேயே நெருக்கி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. யாரோ ஒரு கிழவி முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பஞ்சவர்ணம்தான் முதலில் சுதாரித்தாள். வீட்டுக்கு வந்த அண்ணனை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறோமே என்று உள்ளே ஓடி, செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, கால் கழுவச் சொல்லிக் குனிந்தாள். சோணைமுத்து தன் பாதங்களைப் பார்த்தார். நகம் இல்லாத விரல்களுக்கு நடுவில், கணுக்கால் வரைக்கும், மணக்குறிச்சிப் புழுதி அப்பிக்கிடந்தது.

"இருக்கட்டும் தாயி, ஊத்தாத" என்றார். "இப்பத்தானே ஒட்டியிருக்கு."